அப்புறம் காய்ச்சல்

காய்கறிச் சந்தையின் ஏலக்காரர் ஒரு திங்கட்கிழமை காலையில் கூவிய விலைகள் எல்லாம், சந்தை கழுவி மூடப்பட்ட பிறகு, சாயங்காலம் ஆளில்லாத கொட்டகையில் கேட்டன. முதலில் உருளைக்கிழங்கு, பிறகு வெங்காயம், பிறகு முட்டைக்கோஸ், காலையில் ஏலம் போன அதே வரிசையில். கொட்டகையின் காவலாளி ஒழுங்கான மனிதர். முட்டைக்கோஸ் விலை கட்டுப்படியாகும் என்று தோன்றியதால் கையைத் தூக்கினார். எடுத்துக்கொடுக்க ஆளில்லாததால் இறக்கிவிட்டார். காலையில் ஏலக்காரர் வாயைத் திறந்து திறந்து மூடியதை வியாபாரிகள் பார்த்திருந்தார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்து, விரல்களைக் காட்டியே வேலையை முடித்துக்கொண்டு போயிருந்தார்கள். தொண்டை கட்டவில்லை. குரல் தொலையவும் இல்லை. பின்னால் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சுகாதாரத் துறை அதற்கு ஒரு நீளமான பெயர் வைத்தது. ஊர் அதை ‘அப்புறம்’ என்றது. லேசான சுரம், காதோரம் ஒரு குறுகுறுப்பு, அதோடு வாய் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். ‘அவருக்கு அப்புறம் வந்திருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், நோய் வந்திருக்கிறதா, இல்லை அவருக்குப் பின்னால் வேறெதுவோ வந்திருக்கிறதா என்று இன்னொருவர் கேட்பது கொஞ்ச காலம் நகைச்சுவையாக இருந்தது. நேருக்கு நேர் பேசினால் தொற்றும் என்பதால் முகக்கவசம் வந்தது. நோயால் யாரும் சாகவில்லை. ஆனால் ‘பாத்து, லாரி’ என்று கத்தியது லாரி போய் வெகுநேரம் கழித்துக் கேட்கிற ஊரில் கால் முறிந்தவர்கள் நிறையச் சேர்ந்தார்கள். மருத்துவமனை நிரம்பியது. ஆற்றுக்கு இந்தக் கரை, அந்தக் கரை என்று ஊர் இரண்டாக இருந்ததால், நடுவிலிருந்த பாலத்தை நிர்வாகம் மூடியது.

இரண்டு விதிகள் சீக்கிரமே எல்லாருக்கும் தெரிந்துவிட்டன. சொல் எங்கே சொல்லப்பட்டதோ அங்கேதான் விழும், சொன்னவர் எந்தக் கண்காணாத இடத்துக்குப் போயிருந்தாலும் சரி. உரக்கச் சொன்னது சீக்கிரம் விழும், மெதுவாகச் சொன்னது தாமதமாக விழும். கத்தியது அன்றைக்கே, சாதாரணப் பேச்சு அடுத்த வாரத்தில், முணுமுணுத்தது எப்போது என்று கடவுளுக்கே தெரியாது. தொலைபேசியிலும் இதே கதைதான். பேசியவர் வீட்டுக் கூடத்தில் விழுமே தவிரக் கம்பி வழியாகப் போகாது. ஆகவே ஊர் எழுத ஆரம்பித்தது.

கடைகள் முதலில் திணறின, பிறகு பழகிக்கொண்டன. டீக்கடையில் டம்ளரை மேசையில் ஒருமுறை தட்டினால் டீ, இரண்டு முறை தட்டினால் சர்க்கரை இல்லாமல், தட்டாமலே உட்கார்ந்திருந்தால் ஓசியில் செய்தித்தாள் படிக்க வந்தவர். சிலேட்டுப் பலகையை மறந்தே போயிருந்த ஸ்டேஷனரிக் கடைக்காரர் கிடங்கில் தூசியோடு கிடந்ததையெல்லாம் விற்றுத் தீர்த்து, அதே வருடம் மாடி எழுப்பினார். பேருந்து நடத்துநர்கள் ஓடும் வண்டியில் சொன்ன ‘உள்ள போ, உள்ள போ’ எல்லாம் பேருந்து போன பிறகு நடுரோட்டில் விழுந்தது. நடந்துபோனவர்கள் என்னவோ ஏதோ என்று பக்கத்துக் கடைகளுக்குள் போனார்கள், அதில் கடைகளுக்குக் கொஞ்சம் வியாபாரம் நடந்தது. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் பதிய வந்த ஜோடிகள் சம்மதத்தைக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள், அப்போதுதான் அலுவலக நேரத்துக்குள் அது விழும். வெட்கப்பட்டுச் சொன்ன ஒரு மாப்பிள்ளையின் சம்மதம் மறு வாரம் வேறொரு மணப்பெண்ணின் முன்னால் விழுந்து, எழுத்தருக்கு ஒரு நாள் முழுக்க வேலை வைத்தது. பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்கள் காலையில் காலி வகுப்பில் உரக்கப் பாடம் நடத்திவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் பிற்பகலில் ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு வந்து அதைக் கேட்டார்கள். இரு தரப்புக்கும் இந்த ஏற்பாடு பிடித்திருந்ததாகக் கல்வித் துறையே ஒத்துக்கொண்டது.

சிரமப்பட்டது புறம் பேசுகிறவர்கள்தான். சுவருக்கும் காது உண்டு என்பது பழைய பேச்சு. இப்போது சுவருக்கு வாய் முளைத்திருந்தது. மேலாளரைப் பற்றிக் காதோடு காதாகச் சொன்னது, வாரங்கள் கழித்து, அவர் அதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கோப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போது விழும். பல அலுவலகங்களில் ஊழியர்கள் ஒருவரையொருவர் முதல்முறையாகச் சரியாகப் புரிந்துகொண்டது அப்போதுதான். சில நட்புகள் முறிந்தன. முறியாதவை கல் மாதிரி உறுதியாயின.

இனி லாண்டரிக் கதைக்கு வர வேண்டும்.

இந்தக் கரையில், மூடிக்கிடந்த சினிமா தியேட்டருக்கும் ஒரு சலூனுக்கும் நடுவில் ஓர் அக்காவும் தம்பியும் லாண்டரி நடத்திவந்தார்கள். தெருவுக்கே அவள் அக்காதான். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கறை எடுப்பது, யார் துணி என்று மூலையில் குறி எழுதுவது, நீராவி இஸ்திரிப் பெட்டியால் மடிப்பு நிறுத்துவது அவள் பொறுப்பு. மெஷினும் வேனும் தம்பியின் பொறுப்பு. பாலம் மூடிய அன்று காலையில் அவன் நகராட்சி பாண்டு வாத்தியக் குழு மாஸ்டரின் சிவப்புக் கம்பளிக் கோட்டை மருத்துவமனைப் போர்வைகளோடு சேர்த்துக் கொதிதண்ணீர் மெஷினில் போட்டுவிட்டான். வெளியே எடுத்தபோது அது ஒரு பொம்மைக்குப் போடுகிற அளவில் இருந்தது, பித்தளைப் பொத்தான்கள் மட்டும் பழைய அளவிலேயே. தம்பிக்கு முந்தின நாள்தான் சுரம் விட்டிருந்தது. அக்காவுக்குக் காலையிலிருந்தே காதோரம் குறுகுறுத்தது. கோபத்தில் இருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. முகக்கவசத்துக்குப் பின்னால் இருவரும் வாய்க்கு வந்தபடி கத்தினார்கள், ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. எதிரே இருந்த டீக்கடையிலிருந்து பார்த்தவர்கள் கைகள் பறப்பதை மட்டும் பார்த்தார்கள். கடைசியில் அக்கா வாசலைச் சுட்டிக் காட்டினாள். தம்பி டெலிவரி மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனான், திரும்பினான், முகக்கவசம் ஒருமுறை அசைந்தது. ஏதோ சொன்னான். கண் கலங்கியிருந்ததா, நீராவி பட்டதா என்று தெரியவில்லை. வேன் கிளம்பிப் போன பிறகு அக்காவும் வாசலில் நின்று ஏதோ முணுமுணுத்தாள். அது என்னவென்று அவளுக்கே பிறகு நினைவில்லை.

அன்று மத்தியானம் பாலம் மூடப்பட்டது. தம்பி அந்தக் கரையில் மாட்டிக்கொண்டான். சாயங்காலம் சண்டை முழுவதும் கடைக்குள் விழுந்தது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, நீதிபதி மாதிரி இரு தரப்பையும் கேட்டாள். தன் தரப்பு நினைத்ததைவிட மோசமாக இருந்தது. ‘இனிமே இந்த வாசல மிதிக்காத’ என்று தன் குரலே தன் முகத்தில் வந்து விழுந்தபோது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். தம்பி அதைக் கேட்கவில்லை. ஆனால் வாசலை நோக்கி நீட்டிய விரலுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. எல்லாம் விழுந்து முடிந்தது. வாசலில் அவன் சொன்ன அந்த ஒரு சொல் மட்டும் விழவில்லை. மெதுவாகச் சொல்லியிருக்கிறான்.

இந்த ஊரில் வீட்டைவிட்டுக் கிளம்புகிற யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. திரும்பி வருகிற எண்ணம் இருந்தால் ‘வரேன்’. கடைக்குப் போனாலும் வரேன், கடல் தாண்டிப் போனாலும் வரேன். ‘போறேன்’ என்று ஒருவன் சொன்னால் அதோடு சரி. தம்பி சொன்னது ஒரே ஒரு சொல்தான், அது அக்காவுக்கு நிச்சயம். இரண்டில் எது என்பதுதான் தெரியவில்லை.

எழுதிக் கேட்டிருக்கலாம். கைபேசியில் அவனுக்குத் தினமும் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். ‘கஞ்சிப் பவுடர் எங்கே’ என்று கேட்டாள். ‘மேல் தட்டு’ என்று பதில் வந்தது. ‘மெஷின் சத்தம் போடுது.’ ‘எண்ணெய் விடு.’ அவன் அந்தக் கரையில் ஒரு ரொட்டிக்கடைக்கு வேன் ஓட்டுகிறான் என்பதும் இப்படித்தான் தெரிந்தது. ஆனால் அந்தக் கேள்வியை அவள் எழுதவில்லை. எழுதிக் கேட்டால் நல்லதாகத்தான் எழுதுவான். அவள் வளர்த்த பையன், அவளுக்குத் தெரியாதா. வாசலில் நின்று வாய் சொன்னது என்ன என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஆகவே காத்திருந்தாள். வாடிக்கையாளர்கள் வீட்டுக்குள் அடைந்துகிடந்ததால் மெஷினை நிறுத்தி வைத்து, வாசலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். முணுமுணுப்பு விழும்போது ஈ பறந்தால்கூட அதை அமுக்கிவிடும்.

அப்போதுதான் மருத்துவமனையின் துணிக் கிடங்குப் பொறுப்பாளர் அம்மா சிலேட்டோடு வந்தார். மற்ற லாண்டரிகள் ஆளில்லாமல் பூட்டிக்கிடந்தன. படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. கால் கட்டோடு வந்தவர்கள் வெறும் மெத்தையில் படுத்திருந்தார்கள். அக்கா முடியாது என்று தலையாட்டினாள். அந்த அம்மா காரணம் கேட்டு எழுதினார். அக்கா மெஷினைக் காட்டினாள், காதைக் காட்டினாள், வாசலைக் காட்டினாள். அந்த அம்மா சிலேட்டை அழித்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எதையாவது எழுதியிருந்தால்கூட அவ்வளவு கனமாக இருந்திருக்காது. அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மெஷின் ஓடினால் தம்பியின் சொல் போகும். ஓடாவிட்டால் யார் யாரோ வெறும் மெத்தையில் கிடப்பார்கள்.

வழி சொன்னது பக்கத்துச் சலூன்காரர். ஊரில் அந்த நோய் கடைசிவரை வராத மிகச் சிலரில் அவர் ஒருவர். ஏன் வரவில்லை என்று சுகாதாரத் துறை அவரைக் கூப்பிட்டுச் சோதித்தது. கிருமி நுழைய இடைவெளி விடாமல் பேசிக்கொண்டே இருந்ததுதான் காரணம் என்பது தெருவின் முடிவு. ஊரே வாயை மூடிக்கொண்ட பிறகு அவருக்கு வாழ்வு வந்தது. திருமண அழைப்பு, கடன் வசூல், காணாமல் போன பூனை எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூட்டிப்போனார்கள். “வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க,” என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார், எதிர்த்துப் பேச ஆளில்லாததால் அது உண்மையாகவே நின்றது.

“ஏன்க்கா, தியேட்டர் சும்மாதானே கிடக்கு?” என்றார் அவர். “உள்ள குண்டு போட்டாலும் வெளிய கேக்காது. அப்படிக் கட்டின சுவரு. மெஷினத் தூக்கி அங்க வைங்க. வாசல் இங்க அமைதியா இருக்கட்டும். நீங்க வேலையப் பாருங்க, நாங்க காதப் பாத்துக்குறோம்.”

தியேட்டர் ஆபரேட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். படம் ஓட்டாமல் அவருக்குக் கை நமநமத்துக்கொண்டிருந்தது. மெஷின்களைத் தெருவே சேர்ந்து உருட்டிப்போய்த் திரைக்கு முன்னால் நிறுத்தியது. பால்கனியிலிருந்து முன்வரிசை வரைக்கும் கொடிகள் கட்டப்பட்டு, நாற்காலி வரிசைகளின் மேல் வெள்ளை விரிப்புகள் அலை அலையாகத் தொங்கின. ஓடாத சினிமாவின் மின்விசிறிகள் துணி காயவைத்தன. டீக்கடைக்காரர் பிழிந்தார், ஸ்டேஷனரிக் கடைக்காரர் மாடி வேலையை நிறுத்திவிட்டு மடித்தார், பதிவு அலுவலக எழுத்தர் குறி எழுதினார். அவர் எழுத்து அழகாக இருந்ததால் நோயாளிகள் விரிப்பின் மூலையைப் படித்துப் பார்த்தார்கள். பிற்பகல்களில் ஆபரேட்டர் தாங்கமுடியாமல் புரொஜெக்டரைப் போட்டுவிடுவார். கதாநாயகியின் முகம் ஈர விரிப்புகளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, காற்றில் அசைந்து, சிரித்தது. அந்தக் காலத்தில் மருத்துவமனையில் படுத்திருந்தவர்கள் கனவில் நல்ல நல்ல பாட்டுகள் வந்ததாகச் சொல்வார்கள். துணிக் கிடங்கு அம்மா அதை மறுக்கவில்லை.

லாண்டரி வாசலில் ஸ்டூலுக்குப் பதிலாகத் தியேட்டரிலிருந்து மெத்தை வைத்த நாற்காலி ஒன்று போடப்பட்டது. அக்கா தியேட்டரில் இருக்கும்போது தெருவில் யாராவது அதில் உட்கார்ந்து காது கொடுப்பார்கள். சொல் விழுந்தால் அப்படியே மாற்றாமல் அக்காவிடம் எழுதிக் காட்ட வேண்டும், கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. இந்தக் காரணத்தால் சலூன்காரர் மட்டும் உட்காரத் தடை செய்யப்பட்டார். அதோடு, அவர் உட்கார்ந்திருக்கையில் எந்தச் சொல் விழுந்தாலும் அவர் பேச்சில் அடிபட்டுப்போகும். நாற்காலியில் அதிகம் உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர். எதற்கும் தீர்ப்புச் சொல்லாமல் நகரமாட்டார் என்பதால் தெரு அவரைத் ‘தீர்ப்பு’ என்றே கூப்பிட்டது. காத்திருந்த காலத்தில் அந்த வாசலில் என்னென்னவோ விழுந்தது. எப்போதோ துணி வாங்கிப்போனவர்கள் உதட்டுக்குள் சொன்ன நன்றிகள், ஒரு சிறுமி தன் புது கவுனைப் பார்த்துச் சொன்ன ‘அய்’, ஒரு போலீஸ்காரர் யாருக்கும் கேட்காது என்று நினைத்துப் பாடிய காதல் பாட்டின் இரண்டு வரி. தீர்ப்பு எல்லாவற்றையும் உரியவர்களிடம் ஒப்படைத்தார். போலீஸ்காரர் அதன் பிறகு அந்தத் தெருவில் யாருக்கும் அபராதம் போடவில்லை.

மாதங்கள் போயின. மற்ற காத்திருப்புகளில் நாள் ஆக ஆக நம்பிக்கை குறையும்; இதில் கூடியது. கோபத்தில் சொன்னதாக இருந்தால் இதற்குள் விழுந்திருக்கும், இவ்வளவு தாமதம் என்றால் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு இதமாகச் சொல்லியிருக்கிறான் என்று தெரு கணக்குப் போட்டது. சலூன்காரர் ‘வரேன்’ பக்கம் பந்தயம் கட்டினார். தோற்றால் தெருவுக்கே ஒரு மாதம் இலவசச் சவரம். ‘போறேன்’ பக்கம் கட்ட ஆள் கிடைக்காததால் பந்தயம் நின்றுபோனது. அக்காவின் முகம் தெளிந்துவந்தது. விரிப்புகளை உதறும்போது அவள் தோள் ஆடுவதைப் பார்த்து, பாடுகிறாள் போலிருக்கிறது, அப்புறம் கேட்போம் என்று தெரு வேலையைப் பார்த்தது. சரியாக மறு வாரம் ஈரத் துணிகளுக்கு நடுவில் அந்தப் பாட்டு விழும், கொஞ்சம் சுருதி விலகி.

ஒரு சாயங்காலம் அவள் நாற்காலியில் தானே உட்கார்ந்திருந்தபோது, எப்போதோ தீர்ப்பு அதே இடத்தில் உட்கார்ந்து சலூன்காரரின் காதுக்குச் சொன்னது விழுந்தது. “மெதுவா சொன்னதெல்லாம் நல்லதுன்னு யாருய்யா சொன்னா? போறேன்னு கத்துறவன் சாயங்காலமே திரும்பி வந்துடுவான். மெதுவா சொல்லிட்டுப் போறான் பாரு, அவன்தான் வரமாட்டான். நான் எத்தன கேஸ் பாத்திருக்கேன்.”

அவ்வளவுதான். அக்கா எழுந்து தியேட்டருக்குள் போய், காய்ந்த விரிப்புகளை மறுபடி நனைத்து மறுபடி பிழிந்தாள். தீர்ப்புக்கு விஷயம் தெரிந்ததும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றார். சிலேட்டில் ‘மேல்முறையீடு உண்டு’ என்று எழுதிக் காட்டினார். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் அவரை நாற்காலியிலிருந்து நீக்கவும் இல்லை. அன்றிலிருந்து அவள் அந்தச் சொல் விழ வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டாளோ அதே அளவு பயப்பட்டாள். ‘சோடா உப்பு தீர்ந்துடுச்சு’ என்று தம்பிக்கு எழுதினாள். ‘சின்ன டப்பால இருக்கும் பாரு’ என்றான் அவன். சின்ன டப்பாவில் இருந்தது.

அடுத்த வருடம் நோய் தேய்ந்தது. புதிதாக யாருக்கும் வரவில்லை. வந்தவர்களுக்குக் குரலுக்கும் வாய்க்கும் இடையிலான தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பாலம் திறக்கப்படும் என்று நிர்வாகம் அறிவித்தது. திறப்பு நாளன்று ஊர் காலையிலேயே தெருவுக்கு வந்துவிட்டது. கார்கள் ஹாரன் அடித்தன, ஆஸ்பத்திரியிலிருந்து ஊன்றுகோல்கள் தரையைத் தட்டிக்கொண்டு வந்தன, சந்தையில் ஏலக்காரர் ஆசைக்கு வெறுமனே கூவினார். எல்லாவற்றுக்கும் மேலாக நகராட்சி பாண்டு. வாத்தியங்களுக்கு நோய் எதுவும் கிடையாது. ஊதினால் ஊதிய கணமே கேட்டது, ஒரு வருடம் ஊதாமல் கிடந்த கோபத்தையும் சேர்த்து ஊதினார்கள். அக்கா லாண்டரி வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாண்டு தெருமுனை திரும்பி இந்தப் பக்கம் வருவதைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது. இத்தனை நாள் விழாத சொல் இந்த இரைச்சலில் விழுந்தால் யாருக்கும் கேட்காமலே போய்விடும்.

சலூன்காரர் அதைப் பார்த்தார். பாதிச் சவரத்தில் ஒருவரை விட்டுவிட்டு, கத்தியோடு நடுத்தெருவில் போய்க் கையை விரித்து நின்றார்.

“மாஸ்டர், கொஞ்சம் நிறுத்துங்க. அக்கா வாசல்ல ஒரு சொல்லு பாக்கி இருக்கு.”

பாண்டு மாஸ்டர் அந்தச் சிவப்புக் கோட்டின் சொந்தக்காரர்தான். ஒரு வருடமாகக் கோட்டில்லாதவர், அன்றைக்குச் சாதாரணச் சட்டையில் பாண்டு நடத்திவந்தார். யாருடைய சொல் என்று அவருக்குத் தெரியும். கோலைத் தூக்கிப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இறக்கினார். பெரிய மேளம் நின்றது, குழல்கள் நின்றன, பின்னால் வந்த கூட்டம் ஒருவர் மேல் ஒருவர் மோதி நின்றது. தெருவில் ஊன்றுகோல் தட்டும் சத்தம்கூட இல்லை. ஒன்றும் விழவில்லை. யாரோ தும்மலை அடக்கினார்கள். மாஸ்டர் சங்கடத்தோடு சலூன்காரரைப் பார்த்தார், சலூன்காரர் கத்தியை மடக்கிப் பிடித்தார். பாதிச் சவரத்துக்காரர் நுரையோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். அக்கா பரவாயில்லை என்று கையசைத்தாள். மாஸ்டர் கோலை மறுபடி தூக்கினார்.

“வரேன்கா.”

மெதுவாக, கொஞ்சம் மூக்கடைத்த குரலில், வாசலின் இடப்பக்க நிலைக்கு அருகில், ஓர் ஆள் உயரத்தில். முகக்கவசத் துணி உரசுகிற சத்தம்கூடக் கூடவே இருந்தது. தெரு முழுக்கக் கேட்டது. தீர்ப்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தச் சொல் விழுந்த பிறகுதான் வேன் தெருமுனையில் திரும்பியது. பாண்டுக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். தம்பி இறங்கினான், ரொட்டிக்கடை வேலையில் கொஞ்சம் சதை போட்டிருந்தான். கையில் ஹேங்கரில் ஒரு சிவப்புக் கம்பளிக் கோட்டு, அந்தக் கரைத் தையல்காரர் ஒருவர் தைத்தது, நினைவிலிருந்து சொன்ன அளவு என்பதால் கை அரை முழம் நீளம். வாசலுக்கு வந்து, படியை மிதிக்காமல் நின்றான். வாயைத் திறந்து என்னவோ சொன்னான். அக்காவும் எழுந்து நின்று என்னவோ சொன்னாள். இருவருக்கும் நோய் முழுதாக விடவில்லை, ஒரு சத்தமும் வரவில்லை. மறுபடி அதே கைகள், அதே வாசல். டீக்கடைக்காரர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

அப்போது வாசலில் இன்னொரு சொல் விழுந்தது. அக்காவின் குரல், ஒரு வருடத்துக்கு முந்தினது, வேன் கிளம்பிப் போன பிறகு யாருமில்லாத தெருவைப் பார்த்து முணுமுணுத்தது.

“சாப்பிட்டுட்டுப் போடா.”

இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். தம்பி கோட்டை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, படியை மிதித்து உள்ளே போய்க் கை கழுவினான். மாஸ்டர் கோட்டை மாட்டிப் பார்த்தார். கையை நான்கு மடிப்பு மடித்துவிட்டுக் கோலைத் தூக்கினார். பாண்டு விட்ட இடத்திலிருந்து ஊதத் தொடங்கியது. சுருங்கிய பழைய கோட்டை அக்கா மாஸ்டருடைய மகளின் பொம்மைக்கென்று கொடுத்தனுப்பினாள். பொத்தான்களை மட்டும் சிறியதாக மாற்றித் தைத்திருந்தாள்.

அன்று ஊர் முழுக்க இதே மாதிரி நடந்தது என்பது சாயங்காலத்துக்குள் தெரியவந்தது. அந்தக் கரையில் மாட்டிக்கொண்டவர்கள் இந்தக் கரை வீட்டு வாசல்களில் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனது, உரக்கச் சொன்னதோ மெதுவாகச் சொன்னதோ, முன்னும் பின்னும் விழாமல், அவர்கள் திரும்பி வந்த அந்த நேரத்தில்தான் விழுந்தது. விதி இதற்கு இடம் தரவில்லை என்று சுகாதாரத் துறை சொன்னது. ஓர் ஆய்வுக்குழு வந்து வாசல் வாசலாக உட்கார்ந்து பார்த்தது. மற்ற எல்லாச் சொற்களும் சத்தத்தின் கணக்குப்படிதான் விழுகின்றன, ‘வரேன்’ ஒன்றுதான் தன் அர்த்தத்தின் கணக்குப்படி விழுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ‘வரோம்’ என்று சொல்லிக் கிளம்பிப் போனது. இன்னும் சில வீடுகளில் அந்தச் சொல் விழவில்லை. அங்கே வாசலில் நாற்காலி போட்டிருக்கிறார்கள். தெருவில் போகிறவர்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடக்கிறார்கள்.

நோய் போய் இப்போது பல வருடமாகிறது. எல்லாருக்கும் குரல் வாயோடு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடங்களில் ஆசிரியரும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் இருந்து தொலைக்க வேண்டியிருக்கிறது. தியேட்டரில் படம் ஓடுகிறது. மழைக்காலத்தில் மட்டும், காட்சி இல்லாத நேரத்தில், ஆபரேட்டர் அக்காவின் விரிப்புகளுக்குக் கொடி கட்டிக் கொடுக்கிறார். ‘வரேன்’ மட்டும் பழையபடி ஆகவில்லை. இந்த ஊரில் கிளம்புகிறவர்களின் உதடு அசையும், ஒன்றும் கேட்காது. வெளியூர்க்காரர்கள் முதலில் திகைப்பார்கள், பிறகு அவர்களுக்கும் அப்படியே ஆகிவிடும். சலூன்காரர் ஒருவர்தான் போகும்போதே காதில் விழும்படி சொல்கிறார், ஆனால் அவர் போவது பக்கத்துக் கடைக்குத்தான். தம்பி தினமும் காலையில் மூட்டைகளை வேனில் ஏற்றிவிட்டு வாசலில் வந்து நின்று வாயசைத்துவிட்டுப் போகிறான். மத்தியானம், இடப்பக்க நிலைக்கு அருகில் அந்தச் சொல் விழும். அக்கா நீராவிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தட்டை எடுத்து வைப்பாள். வேன் அதற்குப் பிறகுதான் தெருமுனையில் திரும்பும்.